'டிமோட்' என்றால் என்ன? பதவியிறக்கம் பற்றிய ஆங்கில வினைச்சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைதாப்பேட்டையில் மாலை வகுப்பு ஒன்றில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள், மீதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே ஆபீஸ் மெயில் எழுதத் தடுமாறுகிறவர்கள். 'டிமோட்' என்ற வினைச்சொல்லை நடத்துகிற அன்று மட்டும் வகுப்பு முடிய நேரமாகிவிடும். இந்தச் சொல் யாருடைய கடிதத்தில் வந்தாலும் அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்காது. அதனால் கேள்விகளும் விடாமல் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

டிமோட் என்பதற்குத் தமிழில் என்ன பொருள்?

ஒருவரை அவர் இருக்கும் பதவியிலிருந்து அதைவிடக் கீழான பதவிக்கு இறக்குவது. பதவியிறக்கம் செய், பணியிறக்கம் செய் என்று எழுதலாம். ஒரு தலைமைக் காவலரை மறுபடி முதல் நிலைக் காவலராக ஆக்கினால் அவரை டிமோட் செய்துவிட்டார்கள் என்று பொருள்.

இந்தச் சொல்லைப் பயன்படுத்த மூன்று விஷயம் இருக்க வேண்டும். வேலை போயிருக்கக் கூடாது. ஆள் உள்ளேதான் இருக்கிறார். மேல்படி, கீழ்ப்படி என்று வரிசை இருக்க வேண்டும். இறக்குகிற அதிகாரம் உள்ள இன்னொருவர் இறக்கியிருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் வேறு சொல்தான் பொருந்தும். வரப்போகும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இந்த மூன்றும்தான் அளவுகோல்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து, 19-ம் நூற்றாண்டின் கடைசியில். 'புரோமோட்' ஏற்கெனவே இருந்தது. அதற்கு லத்தீனில் 'முன்னே நகர்த்து' என்று பொருள். அதன் தலையிலிருந்த 'புரோ'வை எடுத்துவிட்டு, கீழே என்று பொருள் தரும் 'டி'யை ஒட்டவைத்து டிமோட் ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் பதவியை இறக்குவதற்கு நூற்றாண்டுகள் பழைய சொற்கள் இருக்க, இது புதுசாகச் செய்துகொண்ட சொல். அதனால்தானோ என்னவோ, ஆபீஸ் வாடை இதில் தூக்கலாக இருக்கிறது.

'ஐ டிமோட்டட்' என்று சொல்வது சரியா?

தப்பு. எங்கள் வகுப்பில் மிக அதிகமாக வரும் பிழை இதுதான். 'ஐ டிமோட்டட்' என்றால் நீங்கள் வேறு யாரையோ பதவியிறக்கம் செய்தீர்கள் என்று ஆகிவிடும். உங்களை இறக்கியிருந்தால் 'ஐ வாஸ் டிமோட்டட்'. 'ஐ புரோமோட்டட்' என்று பெருமையாகச் சொல்வதிலும் இதே பிழைதான் இருக்கிறது.

ஏன் இப்படி வருகிறது என்றால், தமிழில் நமக்கு இரண்டு வினை இருக்கிறது. இறங்கினேன் என்றால் நானே இறங்கினேன், இறக்கினேன் என்றால் இன்னொன்றை இறக்கினேன். தாழ்ந்தான், தாழ்த்தினான் என்பதும் அப்படித்தான். டிமோட் என்பது எப்போதும் 'இறக்கு' மட்டும்தான், அதில் 'இறங்கு' கிடையாது. இதை ஒரு தடவை மனசில் வாங்கிக்கொண்டால் பிழை தானாகப் போய்விடும். எந்தப் பதவியிலிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', எந்தப் பதவிக்கு என்பதற்கு 'டு' சேர்க்க வேண்டும். உச்சரிக்கும்போது அழுத்தம் 'மோட்'டில் விழ வேண்டும்.

'மேனேஜர் என்னை டிமோட் பண்றாரு' என்று நண்பர்கள் சொல்கிறார்களே, அவர்கள் பதவி அப்படியேதானே இருக்கிறது?

அவர்கள் சொல்ல நினைப்பது டிமோட்டிவேட். ஊக்கத்தைக் குலைப்பது, மனசை உடைப்பது என்று பொருள். ஓ.எம்.ஆர் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இந்தக் கலப்பு நிறைய இருக்கிறது. மேனேஜர் நாலு பேர் முன்னால் திட்டினால் அது டிமோட்டிவேட். அடையாள அட்டையில் பதவியின் பெயரே மாறினால் அது டிமோட். இன்டர்வியூவில் இதை மாற்றிச் சொல்லிவிட்டால், எதிரே இருப்பவர் உங்களுக்கு ஏதோ தண்டனை கிடைத்தது என்று நினைத்துக்கொள்வார்.

டிகிரேட் என்பது டிமோட்டுக்கு இணைச்சொல்லா?

அகராதியில் ஆமாம். கடிதத்தில் எழுதும் முன் யோசிக்க வேண்டும்.

லத்தீனில் 'கிராதுஸ்' என்றால் படி. டிகிரேட் என்றால் படியிலிருந்து இறக்குவது. மத குருமார்களுக்கும் வீரப் பட்டம் பெற்றவர்களுக்கும் அந்தப் பட்டத்தை நீக்கி இறக்குவதற்குத்தான் இந்தச் சொல்லை ஆதியில் சொன்னார்கள். போகப் போகப் படி மறைந்து அவமானம் மட்டும் நின்றுவிட்டது. இன்று ஒருவரை டிகிரேட் செய்தார்கள் என்றால் கேவலப்படுத்தினார்கள் என்றுதான் முதலில் காதில் விழும்.

இதே பயணம் தமிழிலும் நடந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். திருமுருகாற்றுப்படையின் முடிவில் 'இழுமென இழிதரும் அருவி' என்று வருகிறது. அங்கே அருவி மலையிலிருந்து இறங்குகிறது, அவ்வளவுதான். ஒரு குறையும் சொல்லவில்லை, அழகைத்தான் சொல்கிறது. குறளுக்கு வாருங்கள். மானம் அதிகாரத்தில் 964-வது குறள்: 'தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை.' தலையிலிருந்து உதிர்ந்த முடியும், தன் நிலையிலிருந்து கீழே வந்துவிட்ட மனிதரும் ஒன்று என்கிறார் வள்ளுவர். முடி 'இழிவது' கீழே விழுவது. மனிதர் 'இழிவது' விழுவதும் மதிப்பு போவதும் இரண்டுமே. ஒரே சொல் ஒரே குறளுக்குள் இரண்டு படிகளிலும் நிற்கிறது. இன்றைக்கு இழிவு என்றால் கேவலம் மட்டும்தான். பேருந்திலிருந்து இழிந்தேன் என்று யாரும் சொல்வதில்லை. டிகிரேட்டும் இழியும் தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளில் ஒரே பாதையில் நடந்து வந்திருக்கின்றன.

இன்னொரு பொருளும் டிகிரேட்டுக்கு உண்டு: சிதைவது, மக்குவது. மாநகராட்சி குப்பை வண்டியில் 'மக்கும் குப்பை' என்று பிரித்துக் கேட்கிறார்களே, அதற்கான ஆங்கிலச் சொல்லான பயோடிகிரேடபிள் என்பதற்குள் இருப்பது இதே வினைதான். டிமோட்டுக்கு இந்தப் பொருள் கிடையாது.

டவுன்கிரேட்?

தரமிறக்கு. டவுன்கிரேட் என்பது முதலில் பாதையில் வரும் இறக்கத்தைக் குறித்த பெயர்ச்சொல், வினையானது பிறகு. மனிதருக்கும் சொல்லலாம். ஆனால் தரவரிசையில் இருக்கும் எதற்கும் இதுதான் இயல்பான சொல்.

2011 ஆகஸ்ட் 5 அன்று ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்க அரசின் கடன் தரத்தை மூன்று ஏ-யிலிருந்து இரண்டு ஏ பிளஸ்ஸுக்கு இறக்கியது. அது டவுன்கிரேட். மீனம்பாக்கத்தில் பிசினஸ் வகுப்பு டிக்கெட்டோடு போய் நிற்கிறவரை விமான நிறுவனம் எக்கானமியில் உட்காரவைத்தால் அதுவும் டவுன்கிரேட்தான். அப்படிச் செய்தால் உள்நாட்டுப் பயணத்தில் டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரி 15 முதல் விதி வைத்திருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இந்தச் சொல் நெருக்கமாக வருவது நவம்பர், டிசம்பரில். புயலின் காற்று மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் கீழே போனால் அது புயல் இல்லை, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். தமிழ்ச் செய்தியில் 'வலுவிழந்தது' என்பார்கள். ஆங்கிலச் செய்தியில் 'டவுன்கிரேட் செய்யப்பட்டது' என்று வரும். தமிழில் புயல் தானே தளர்கிறது. ஆங்கிலத்தில் வானிலை மையம் அதன் வகையை இறக்குகிறது. இந்த இடத்தில் டிமோட் போட்டால் ஒட்டாது.

ரெலகேட் என்றால் கால்பந்தில் மட்டும்தானா?

இல்லை, ஆனால் அங்கேதான் அது தெளிவாகத் தெரியும். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 அணிகள். கடைசி 3 இடத்தில் இருப்பவை அடுத்த ஆண்டு கீழ்ப்பிரிவில் ஆட வேண்டும். அதுதான் ரெலகேஷன். நம் ஊரில் கிரிக்கெட் சங்கத்தின் டிவிஷன் லீகில் ஆடியவர்களைக் கேளுங்கள், சீசன் கடைசியில் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் இருக்க என்ன பாடு பட்டார்கள் என்று சொல்வார்கள். தண்டனை இல்லை. யாருக்கும் கோபமும் இல்லை. புள்ளிப் பட்டியல் இறக்கிவிடுகிறது.

சொல்லின் வேர் ரோமாபுரியில் இருக்கிறது. ரெலகேட் என்றால் அப்பால் அனுப்பிவிடுவது. நாடுகடத்தலில் கொஞ்சம் மென்மையான வகை அது. சொத்தும் குடியுரிமையும் போகாது, ஊரில் மட்டும் இருக்க முடியாது. கி.பி. 8-ல் பேரரசர் அகஸ்டஸ் கவிஞர் ஓவிடைக் கருங்கடல் கரையில் இருந்த தோமிஸுக்கு அனுப்பியது இப்படித்தான். அதனால் இன்றும் ரெலகேட் என்றால், முக்கியமில்லாத மூலைக்குத் தள்ளிவிடுவது என்ற வாடை இருக்கிறது. மூத்தவர் ஒருவரைக் கூட்டத்தில் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள் என்று எழுத இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

அரசாங்க உத்தரவில் டிமோட் என்று இல்லாமல் 'ரிவர்ட்' என்றோ 'ரெடியூஸ்டு இன் ரேங்க்' என்றோ இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் நஷ்டப்பட்டவர்கள் உண்டு, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 311-வது பிரிவு, இரண்டாவது உட்பிரிவில் மூன்று வினைகள் அடுத்தடுத்து வருகின்றன: டிஸ்மிஸ், ரிமூவ், ரெடியூஸ் இன் ரேங்க். அரசு ஊழியர் ஒருவரை இந்த மூன்றில் எதைச் செய்வதாக இருந்தாலும், குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி, விசாரணை நடத்தி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு தர வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு. கிரிமினல் வழக்கில் தண்டிக்கப்பட்டது அதில் ஒன்று. டிமோட் என்ற சொல் அங்கே இல்லவே இல்லை. நாம் டிமோட் என்று சொல்வதைச் சட்டம் 'ரெடியூஸ் இன் ரேங்க்' என்று சொல்கிறது, அதாவது தண்டனையாகத் தரும் பதவியிறக்கம். தமிழ்நாட்டில் 1955-ம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் இருக்கின்றன. செயலகத்திலோ எழிலகத்திலோ வேலை பார்க்கிறவரிடம் 'செவன்டீன் பி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 17-வது விதியின் பி பிரிவில் சார்ஜ் மெமோ வந்தால், பதவியிறக்கம் வரை போகக்கூடிய பெரிய தண்டனைக்கான நடவடிக்கை ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

ரிவர்ட் என்பது வேறு. பழைய இடத்துக்குத் திரும்புவது. தற்காலிகமாகப் பதவி உயர்வு பெற்று மேலே இருந்தவர், நிரந்தரமாகத் தனக்கு இருக்கும் பதவிக்கே திருப்பி அனுப்பப்படுவது. பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கில் 1957-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: மேல்பதவியில் உரிமை இல்லாமல் தற்காலிகமாக இருந்தவரைத் திருப்பி அனுப்புவது மட்டுமே தண்டனை ஆகிவிடாது. ஆனால் அதோடு சேர்த்துச் சம்பள இழப்பு, சீனியாரிட்டி இழப்பு, வருங்காலப் பதவி உயர்வுக்குத் தடை போன்ற பாதிப்பு இருந்தால் அது தண்டனைதான், 311 பொருந்தும். உத்தரவில் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் முடிவு செய்யாது, விளைவையும் பார்க்க வேண்டும்.

ஆகவே யாருக்காவது ரிவர்ஷன் ஆர்டர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது: மேலே இருந்தது தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா? அடுத்து, பழைய பதவிக்கு வந்தபின் சீனியாரிட்டி அப்படியே இருக்கிறதா?

தண்ணி இல்லாத காட்டுக்கு மாற்றினால் அது டிமோஷனா?

இல்லை, டிரான்ஸ்ஃபர். மனசுக்கு வலித்தாலும் பதவி மாறவில்லை. இன்ஸ்பெக்டரை ஆயுதப்படைக்கு மாற்றினார்கள், அதிகாரியைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள் என்று காலைப் பேப்பரில் படிக்கிறோமே, அவையும் டிமோஷன் கிடையாது. ரேங்க் அப்படியேதான் இருக்கும். 'டம்மி போஸ்டிங்' என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் சைட்லைன் என்ற வினை சரியாக வரும். தமிழில் ஓரங்கட்டு. ஆட்டக்களத்தின் கோட்டுக்கு வெளியே உட்காரவைப்பது என்ற அதே படம் நம் சொல்லிலும் இருக்கிறது.

2019-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த வி.கே. தஹில்ரமானி மேகாலயா உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டார். மறுபரிசீலனை கேட்டார், கிடைக்கவில்லை, ராஜினாமா செய்தார். இங்கே அனுமதிக்கப்பட்ட நீதிபதிகள் 75 பேர், அங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு இடத்திலும் பதவி தலைமை நீதிபதிதான். அகராதிப்படி அது டிமோஷன் ஆகாது. ஆனாலும் வழக்கறிஞர்கள் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. மதிப்பு குறைவதற்கும் பதவி குறைவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் என்னிடம் இல்லை.

கம்பெனிக் கடிதத்தில் டிமோட் என்ற சொல்லே இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. தனியார் நிறுவனக் கடிதங்களில் அந்தச் சொல்லை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை.

பதினொரு வருஷம் ஒரே நிறுவனத்தில் இருந்த ஒருவர், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் போனை நீட்டினார். "மேடம், இதுல டிமோட்னு எங்கயும் போடல. அப்ப பிரச்னை இல்லைதானே?" என்றார். நின்றுகொண்டே வரி வரியாகப் படித்தோம். முதல் பத்தி முழுக்க நன்றி. இரண்டாவது பத்தியில் 'ரீடெசிக்னேட்', 'ரோல் ரீஅலைன்மென்ட்'. மூன்றாவதில், இனி அவர் யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று ஒரு பெயர். "இவன் என் டீம்ல இருந்த பையன்" என்றார். கடைசியில், பொடி எழுத்தில் ஒரு கட்டம். பழைய கிரேடு 7, புதிய கிரேடு 6. அதைப் பார்த்ததும் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவரும் நானுமாக நாலு வரியில் பதில் எழுதினோம். என் கிரேடு குறைக்கப்படுகிறதா? இது ஒழுங்கு நடவடிக்கையா? எந்தத் தேதியிலிருந்து? பழைய கிரேடு திரும்பக் கிடைக்க வழி உண்டா? ஒரு வாரத்தில் பதில் வந்தது. கிரேடு குறைவது உண்மை, ஆனால் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். அந்த ஒரு வரியைத்தான் அடுத்த வேலைக்கான இன்டர்வியூவில் காட்டினார்.

ரீடெசிக்னேட் என்றால் பதவிப் பெயரை மாற்றுவது, அதில் திசையே இல்லை. மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். திசை இல்லாத வினை கடிதத்தில் வந்தால் கிரேடு, சம்பளம், யாருக்குக் கீழே என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள்.

நானே கேட்டுக் கீழ்ப்பதவிக்கு வந்தால்?

வாலன்டரி டிமோஷன் என்று சொல்கிறார்கள். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள, சொந்த ஊர்ப் பக்கம் போக என்று காரணம் இருக்கும். பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது வேறு, அதற்கு ரிலிங்க்விஷ். ஆசிரியர்கள் பலர் ஊர் மாறாமல் இருப்பதற்காக இதைச் செய்கிறார்கள்.

ராணுவத்தில் என்ன சொல்வார்கள்?

கடற்படையில் மாலுமியின் தரத்தைக் குறைப்பதற்கு டிஸ்ரேட். அமெரிக்கப் பேச்சுவழக்கில் பஸ்ட். கேஷியர் என்பதும் ஒரு வினை, அதிகாரியை அவமானத்தோடு படையிலிருந்து நீக்குவது. வங்கியில் இருக்கும் கேஷியருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தேர்வில் வந்தால் பதறாதீர்கள்.

டிஸ்மிஸ், சஸ்பெண்ட், டிமோட் எப்படி வேறுபடுகின்றன?

டிஸ்மிஸ் என்றால் வேலையே போய்விட்டது. அரசு வேலையில் டிஸ்மிஸ் ஆனவர் பொதுவாக மறுபடி அரசு வேலைக்கு வர முடியாது. ரிமூவ் ஆனவருக்கு அந்தத் தடை இல்லை. சஸ்பெண்ட் என்றால் இடைநீக்கம், விசாரணை முடியும்வரை வெளியே. கட்சிக்காரர்கள் 'கட்டம் கட்டிட்டாங்க' என்பது நீக்கம்தான், பதவியிறக்கம் இல்லை.

ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் அட்மின் பொறுப்பை எடுக்கப் போனால் 'டிஸ்மிஸ் ஆஸ் அட்மின்' என்று வரும். அழுத்தினாலும் அவர் குழுவில்தான் இருப்பார், சாதாரண உறுப்பினராக. முதல் பதிலில் சொன்ன மூன்று அளவுகோலும் பொருந்துகிறது. செயலால் அது டிமோட், எழுதியிருப்பது டிஸ்மிஸ்.

மனிதரல்லாதவற்றுக்கு டிமோட் சொல்லலாமா?

சொல்லலாம், வரிசை இருந்தால் போதும். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகா நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியபோது, ஆங்கிலப் பத்திரிகைகள் டிமோட் என்றுதான் எழுதின. அந்த ஆண்டின் சொல்லாக அமெரிக்க வட்டார வழக்குச் சங்கம் 'புளூட்டோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தது. ஒருவரையோ ஒன்றையோ புளூட்டோ செய்தார்கள் என்றால் மதிப்பை இறக்கினார்கள் என்று பொருள். ஒரு கோளின் பெயரே டிமோட்டுக்கு இணைச்சொல் ஆனது!

வேர்டில் அவுட்லைன் காட்சியைத் திறந்தால் புரோமோட், டிமோட் என்று இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். தலைப்பை உபதலைப்பாக்க இரண்டாவதை அழுத்த வேண்டும். பயந்த பிள்ளைகளுக்கு நான் இந்தச் சொல்லை அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். சேப்பாக்கத்தில் நாலாவதாக ஆட வேண்டியவரை ஆறாவதாக அனுப்பினால் வர்ணனையாளர் அதையும் டிமோட் என்பார்.

எதிர்ச்சொல்?

புரோமோட். பொருளுக்கு அப்கிரேட். உயர் நீதிமன்ற வழக்கறிஞர் நீதிபதியாக்கப்பட்டால் எலிவேட். இறக்கியவரை மறுபடி பழைய இடத்திலேயே உட்காரவைத்தால் ரீஇன்ஸ்டேட், அதாவது திரும்ப அமர்த்துவது.

தேர்வில் டிமோட்டுக்கு இணைச்சொல் கேட்டு, டிகிரேட், டவுன்கிரேட் இரண்டுமே விடைகளில் இருந்தால்?

டவுன்கிரேட்டைத் தேர்ந்தெடுங்கள். அவமானம் கலக்காமல் இறக்கத்தை மட்டும் சொல்வது அதுதான். டவுன்கிரேட் இல்லாமல் டிகிரேடும் டிஸ்மிஸும் இருந்தால் டிகிரேட். ரெலகேட் மட்டும் இருந்தால் தயங்காமல் அதைக் குறியுங்கள். டிப்போஸ் இருந்தால் கவனம்: அது அரசரையோ ஆட்சித் தலைவரையோ அடியோடு நீக்குவது, அவருக்கு உட்காரக் கீழே ஒரு நாற்காலி இருக்காது.